புலியை எண்ணப் புளியங்கொட்டை: யாழ்ப்பாணத்து முற்றத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

வகுப்பில் "உலகத்துக் காடுகளில் எத்தனை புலி இருக்கிறது?" என்று கேட்டால், யாராவது ஒரு பிள்ளை மேசைக்குக் கீழே போனைத் தட்டி ஓர் எண்ணைச் சொல்லிவிடும். "அதை யார், எப்படி எண்ணினார்கள்?" என்று கேட்டதும் சத்தம் அடங்கிவிடும். உயர்தர உயிரியல் படிப்பிக்கிற எனக்கே அந்த இரண்டாம் கேள்விக்குப் பதில் பிடிபடக் கனகாலம் எடுத்தது. புலியே இல்லாத நாடு. அதிலும் காடு என்று சொல்ல ஒன்றுமில்லாத குடாநாடு. எங்கள் பனங்கூடலுக்குள் ஓடுவது கீரியும் மரநாயும்தான்.

ஆனாலும் வழி இருக்கிறது. புலி ஆய்வின் நடுநரம்பு எண்ணுகிற கணக்கு. அந்தக் கணக்கை முற்றத்தில் இருந்தே செய்து பார்க்கலாம். தேவையான சாமான்கள்: இரண்டு மூன்று சிரட்டை புளியங்கொட்டை, ஒரு நகப்பூச்சுப் போத்தல், ஒரு கொப்பி, கமரா உள்ள ஒரு போன். காசு கொடுத்து வாங்க வேண்டியது நகப்பூச்சு மட்டும்தான். அதுவும் வீட்டில் தங்கச்சி இருந்தால் தேவையில்லை.

தொடங்கமுன்: எந்தப் புலி?

வன்னியில் "புலி கன்றை அடிச்சுப்போட்டுது" என்று யாராவது சொன்னால் அது சிறுத்தை. உடலில் வரி உள்ளது புலி, அதாவது வேங்கை. புள்ளி உள்ளது சிறுத்தை. இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. இலங்கைச் சிறுத்தையின் துணையினத்துக்கு 1956இல் பி.இ.பி. தெரணியகல வைத்த விஞ்ஞானப் பெயரின் கடைசிச் சொல் 'கொட்டியா'. இன்றைய சிங்களத்தில் கொட்டியா என்றால் புலி. சிறுத்தைக்குத் திவியா என்பார்கள்.

இலங்கையில் புலி ஒருகாலத்தில் வாழ்ந்தது. குருவிற்றைப் பக்கம் கற்கால மனிதர் விட்டுப்போன குப்பை மேட்டில் கிடைத்த ஒரு விரல் எலும்பு புலியுடையது என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. வயது ஏறத்தாழ 16,500 ஆண்டுகள். அதற்குப் பிறகு இந்தத் தீவில் சிறுத்தைதான் பெரிய பூனை.

இன்னொரு நடைமுறை விசயம். எங்கள் ஊரில் இருந்துகொண்டு தமிழில் 'புலி' என்று மட்டும் தேடினால் விலங்கியல் பக்கம் ஒன்றும் மேலே வராது. 'வேங்கை', 'வரிப்புலி' என்று தேடுங்கள். இந்தக் கட்டுரையில் புலி என்றால் வரிப்புலி மட்டுமே.

முதலாம் படி: சிரட்டைக்குள் ஒரு காடு

புளியங்கொட்டைகளை எண்ணாமல் ஒரு சட்டிக்குள் கொட்டுங்கள். எண்ணக் கூடாது என்பது முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி எடுங்கள். அதில் 40 கொட்டை வந்தது என்று வைப்போம். நாற்பதுக்கும் நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். நன்றாகக் காயவிட்டுத் திரும்பச் சட்டிக்குள் போட்டு, அரிசி களைவதுபோலக் கலக்குங்கள். பிறகு இன்னொரு பிடி. இந்த முறை 50 கொட்டை; அதில் பொட்டு வைத்தது 8.

இப்போது யோசியுங்கள். ஐம்பதில் எட்டு என்றால், ஆறேகால் கொட்டைக்கு ஒன்று பொட்டுக்காரக் கொட்டை. சட்டி முழுவதும் நன்றாகக் கலந்திருந்தால் சட்டிக்கும் அதே விகிதம்தான். பொட்டு வைத்தது மொத்தம் 40. ஆகவே 40 × 50 ÷ 8 = 250. சட்டிக்குள் ஏறத்தாழ 250 கொட்டை.

இதற்குப் பாடப்புத்தகத்தில் குறியிட்டு மீளப்பிடித்தல் என்று பெயர். 1802இல் பிரான்சின் சனத்தொகையைக் கணிக்க லப்பிளாஸ் இதே யோசனையைப் பயன்படுத்தினார். 1896இல் டென்மார்க்கில் பீற்றர்சன் மீனுக்கும், 1930இல் அமெரிக்காவில் லிங்கன் தாராவுக்கும் பயன்படுத்தினார்கள். சிறு எண்ணிக்கையில் இந்தச் சூத்திரம் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடும் என்பதால் சப்மன் ஒரு திருத்தம் சொன்னார்: முதற்பிடியோடு ஒன்று, இரண்டாம் பிடியோடு ஒன்று கூட்டிப் பெருக்கி, பொட்டுக்காரரோடு ஒன்று கூட்டிப் பிரித்து, கடைசியில் ஒன்றைக் கழிக்க வேண்டும். 41 × 51 ÷ 9 − 1, அதாவது 231.

பிறகு சட்டியைக் கவிழ்த்து உண்மையாகவே எண்ணுங்கள். எங்கள் சட்டியில் இருந்தது 238. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் விடவில்லை, இன்னும் பத்துத் தரம் செய்யச் சொன்னேன். ஒருவருக்கு 190 வந்தது, இன்னொருவருக்கு 310. சட்டி ஒன்று, கொட்டையும் அதே கொட்டை. இந்த விரிவைக் கொப்பியில் எழுதிவைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இனிமேல் எந்தப் புலி எண்ணிக்கையைக் கண்டாலும் "கீழ் எல்லை எது, மேல் எல்லை எது?" என்று கேட்கிற பழக்கம் இங்கேதான் வர வேண்டும்.

இரண்டாம் படி: கணக்கை வேண்டுமென்றே கெடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. முதல் வருடம் நகப்பூச்சு கிடைக்காமல் சுண்ணாம்பால் பொட்டு வைத்தேன். கலக்கும்போது சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது. இரண்டாம் பிடியில் பொட்டோடு வந்தவை மூன்றே மூன்று. 40 × 50 ÷ 3. விடை 667! சட்டிக்குள் கொட்டை குட்டி போட்டுவிட்டது என்று பின்வாங்கில் இருந்து ஒரு குரல். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிட நல்ல பாடம் அமையவில்லை. காட்டில் தானியங்கிக் கமரா எடுக்கிற படங்களை வைத்துத்தான் புலியை எண்ணுகிறார்கள்; அங்கேயும் இதே பிழை வரும். ஒரே புலியின் இரண்டு படங்களை வெவ்வேறு புலி என்று எடுத்துவிட்டால், பொட்டு உதிர்ந்த கொட்டை மாதிரித்தான், எண்ணிக்கை வீங்கும்.

அடுத்தது, கலக்காமல் மேலோட்டமாக அள்ளுங்கள். பொட்டுக்காரர் எல்லோரும் மேலே கிடப்பார்கள். 16 பேர் வந்தால் விடை 125. சட்டிக்குள் பாதிப் பேரைக் காணவில்லை. காட்டில், புலி எப்போதும் நடக்கிற ஒரே பாதையில் மட்டும் கமராவை வைத்துவிட்டு, வந்த புலியையே திரும்பத் திரும்பப் படம் பிடிப்பது இதுதான்.

மூன்றாவது, இரண்டு பிடிக்கும் நடுவில் யாரும் பார்க்காத நேரம் சட்டிக்குள் முப்பது கொட்டையைப் போடச் சொல்லுங்கள். எந்தச் சூத்திரமும் அதைக் கண்டுபிடிக்காது. கணக்கு நடக்கும் காலத்தில் பிறப்பு, இறப்பு, வரவு, போக்கு இல்லை என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. அதனால்தான் புலிக் கமராக்களை ஓரிடத்தில் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மேல் வைத்து ஒரே கணக்காகப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் செய்தபின் இந்தியாவின் உல்லாஸ் காரந்த் செய்த காரியத்தின் அருமை விளங்கும். புலியைப் பிடித்து நகப்பூச்சுப் பூச முடியாது. ஆனால் ஒவ்வொரு புலியின் வரியும் வேறு; பிறவியிலேயே பூசிவிட்ட பொட்டு. கர்நாடகாவின் நாகரகொளைக் காட்டில் தானியங்கிக் கமராக்களை வைத்து, வரியைப் பொட்டாக எடுத்து, மீளப்பிடித்தல் கணக்கைப் புலிக்குப் பொருத்தி 1995இல் அவர் கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் நடந்தது காலடித் தடத்தைப் பார்த்து எண்ணுகிற முறை. தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம் என்று அந்த முறை நம்பியது. மண் ஈரமாக இருந்தால் தடம் ஒரு மாதிரி, மணலில் வேறு மாதிரி. எங்கள் கடற்கரை மணலில் ஒருவர் நடந்துபோன பத்து அடியை அளந்து பாருங்கள், பத்தும் பத்து அளவு வரும்.

மூன்றாம் படி: ஒழுங்கைப் பூனைகள்

இப்போது உயிருள்ள விலங்கு. உங்கள் ஒழுங்கையில் திரிகிற பூனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நாயும் சரிதான், ஆனால் வரிப்பூனைதான் புலிக்கு நல்ல பதிலாள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்து நாள், காலையும் மாலையும் ஒரே பாதையில் நடந்து, காண்கிற பூனையை எல்லாம் படம் எடுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டும் வேண்டும். பூனையின் இரண்டு விலாவும் ஒரே மாதிரி இருக்காது, புலிக்கும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுங்கள். செல்லப்பெயர் வைக்காதீர்கள், பெயர் வைத்தால் அந்தப் பூனையைத் தேடிக் கால் தானாகப் போகும். ஒரு கிழமை விட்டு அதே பாதையில் இன்னொரு ஐந்து நாள்.

எங்கள் ஒழுங்கையில் முதற்சுற்றில் 9 பூனை, இரண்டாம் சுற்றில் 10. அந்தப் பத்தில் 6 ஏற்கெனவே இலக்கம் பெற்றவை. 9 × 10 ÷ 6 = 15. கண்ணால் கண்டது 13, கணக்கு சொல்வது 15. அந்த இரண்டு பூனையை நாங்கள் காணவேயில்லை. புலி ஆய்வு முழுவதும் இந்தக் காணாத இரண்டைப் பற்றியதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

செய்யும்போது வரும் சிக்கல்களைக் கொப்பியின் வலப்பக்கத்தில் எழுதுங்கள். மீன் வெட்டுகிற வீட்டு வாசலில் எப்போதும் நாலு பூனை நிற்கும். அந்த வாசலில் நீங்கள் நிற்கிற நேரத்தைக் கூட்டினால் கணக்கு சாயும். குட்டிகளை எண்ணுவதா? இந்தியக் கணக்கெடுப்பில் ஒரு வயதுக்குட்பட்ட புலிக்குட்டிகளைச் சேர்ப்பதில்லை. குட்டிகள் அதிகம் சாகும், பாதைக்கும் வராது. ஆகவே உங்கள் ஒழுங்கையிலும் வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் கடுவன் பூனைதான். அது அடுத்த ஒழுங்கைக்கும் போகும், கோயில் வீதிக்கும் போகும். அப்படியென்றால் 15 பூனை என்பது எவ்வளவு நிலத்துக்கு? ஒழுங்கைக்கு மட்டுமா, பக்கத்து வளவுகளுக்கும் சேர்த்தா? பழைய சூத்திரம் இதற்குப் பதில் சொல்லாது. ஒவ்வொரு பூனையையும் எந்த வாசலில் எத்தனை தரம் கண்டோம் என்ற இடக்குறிப்பையும் கணக்குக்குள் கொண்டுவந்தால், அதன் நடமாட்ட மையத்தையும் வீச்சையும் சேர்த்தே மதிப்பிடலாம். மறி எவ்ஃபோர்ட் 2004இல் தொடக்கிவைத்த இந்த இடஞ்சார்ந்த முறைதான் இன்று புலி ஆய்வில் வழக்கம். விடை 'எத்தனை' என்று வராது, '100 சதுர கிலோமீற்றருக்கு எத்தனை' என்று வரும். கணக்கைச் செய்ய ஆர் என்கிற இலவச மென்பொருள் போதும். ஒரு மாதம் தலையை உடைக்க வேண்டிவரும். எனக்கு அதைவிட அதிகம் எடுத்தது.

நான்காம் படி: உண்மையான கமராப் பொறி

வசதி இருந்தால் ஒரு கமராப் பொறியை உங்கள் வளவில், கிணற்றடிப் பக்கம் கட்டுங்கள். முழங்கால் உயரம், பாதையிலிருந்து மூன்று நாலு மீற்றர் தூரம். புலிக்கு வைப்பவர்கள் பாதையின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சற்று விலகிய இரண்டு கமராவை வைப்பார்கள். ஒரே நடையில் இரண்டு விலாவும் விழ வேண்டும். இந்தியாவில் 2 சதுர கிலோமீற்றர் கட்டத்துக்கு ஒரு சோடி. இடைவெளிக்குள் ஒரு பெண்புலியின் முழு வீடும் அடங்கிப்போகக் கூடாது என்பதுதான் விதி. இரை நிறைந்த தெற்காசியக் காட்டில் அந்த வீடு 20 சதுர கிலோமீற்றர் அளவு. ரஷ்யாவின் தூரகிழக்கில் மானும் பன்றியும் அரிது. அங்கே 400 சதுர கிலோமீற்றர் வரும். புலிக்கு நிலத்தைவிட இரைதான் கணக்கு. ஒரு புலி வருடத்துக்கு ஐம்பது மான் அளவு விலங்கைக் கொல்லும்; இரைக் கூட்டம் குறையாமல் அப்படித் தின்ன அதைச் சுற்றி ஐந்நூறு விலங்கு வேண்டும்.

யாழ்ப்பாண வெயிலுக்கென்று ஓர் எச்சரிக்கை. இந்தக் கமராக்களின் உணரி வேலை செய்வது விலங்கின் உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில். சித்திரை மத்தியானத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும்; கீரி முன்னால் போனாலும் கமரா தூங்கும். சோளகம் தொடங்கினால் நேர்மாறு. வெயிலில் சூடேறிய வாழை இலை ஆடஆடப் படம் எடுத்துத் தள்ளும். ஒரு நாளில் எனக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் படம் விழுந்தது, அத்தனையும் வாழை இலை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்தியாவின் 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கமரா வைத்தார்கள். விழுந்த படங்கள் 3 கோடியே 48 இலட்சத்துக்கு மேல். அதில் புலி இருந்தது 76,651 படங்களில். நானூற்றைம்பது படத்துக்கு ஒரு புலி! மிச்சத்தைக் கணினி வடிகட்டியது. வரியை ஒப்பிடவும் மென்பொருள் இருக்கிறது.

ஐந்தாம் படி: அறிக்கையை வாசிப்பது

இந்தியாவின் எண்களைக் கொப்பியில் ஒரு நிரலாக எழுதுங்கள். 2006இல் 1,411. 2010இல் 1,706. 2014இல் 2,226. 2018இல் 2,967. 2022இல் 3,682. ஏறுமுகம், சந்தோசம். இனி முதலாம் படியில் கற்ற கேள்விகளைக் கேளுங்கள்.

எல்லை எவ்வளவு? 2022க்கு 3,167 முதல் 3,925 வரை. எத்தனை தனிப் புலிகளைப் படத்தில் கண்டார்கள்? 3,080. ஆகவே கணக்கு 'ஊகித்த' பகுதி சிறிதுதான், நல்ல அறிகுறி. ஒரே நிலத்தையா ஒவ்வொரு முறையும் தேடினார்கள்? இல்லை. 2006 கணக்கில் சுந்தரவனம் சேரவில்லை; கமரா வைத்த பரப்பும் முறைக்கு முறை கூடியது. ஆகவே ஏற்றத்தில் ஒரு பங்கு புலி பெருகியதால், ஒரு பங்கு தேடல் பெருகியதால். எது எவ்வளவு என்று பிரிப்பதில்தான் ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். காலடித் தடத்தை வைத்து எண்ணிய 2001–02 கணக்கு 3,642 புலி என்றது. இருபது வருடம் கழித்து 3,682. எண் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் பழையதை யாரும் இன்று நம்புவதில்லை. நம்பிக்கை உடைந்த இடம் ராஜஸ்தானின் சரிஸ்கா. அங்கே தடக்கணக்கு புலி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. 2005இல் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. கள்ளவேட்டை எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது. 2008இல் ரணதம்பூரிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. பிழையான எண் ஒரு காட்டையே காலியாக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

மற்ற நாடுகளைச் சுருக்கமாக. நேபாளம் 2009இல் 121, 2022இல் 355. பூட்டானின் அண்மைய எண் 131. கம்போடியாவில் 2007க்குப் பிறகு கமராவில் புலியே விழவில்லை. உலகம் முழுவதற்கும் 2022இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் சொன்னது 3,726 முதல் 5,578 வரை. மேசைக்குக் கீழே போனில் பார்த்த பிள்ளை சொல்ல மறந்தது இந்த 'முதல்', 'வரை' என்கிற இரண்டு சொற்களைத்தான்.

ஆறாம் படி: எச்சம்

புலியைக் காணாமலே புலியைப் படிக்க எச்சம் போதும். குடலின் சுவரிலிருந்து உதிர்ந்த கலங்கள் அதன்மேல் ஒட்டியிருக்கும், அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து எந்தப் புலி, ஆணா பெண்ணா என்று சொல்லலாம். உள்ளே கிடக்கும் மயிரின் செதிலைப் பார்த்து எந்த மானைத் தின்றது என்று சொல்லலாம். நெருக்கீட்டு ஓமோன்களின் சிதைவுப் பொருளையும் அளக்கலாம். வீட்டில் செய்ய வேண்டுமானால் மரநாய் எச்சம் நல்லது, உள்ளே பழக்கொட்டைகள் முழுதாகக் கிடக்கும். கையுறை கட்டாயம், பூனை, நாய் எச்சத்தைத் தொடாதீர்கள், புழு முட்டை இருக்கும்.

டி.என்.ஏ. சொன்ன ஒரு கதைக்காகத்தான் வரிப்பூனையை எடுக்கச் சொன்னேன். ஒடிசாவின் சிமிலிபாலில் சில புலிகளின் கருவரிகள் தடித்துப் பரவி ஒன்றோடொன்று சேர்ந்து, புலியே கறுப்பாகத் தெரியும். உமா ராமகிருஷ்ணனின் குழு 2021இல் காரணத்தைக் கண்டது: டாக்பெப் என்ற பரம்பரையலகில் (மரபணுவில்) ஒரு விகாரம், அதாவது ஒரு மாற்றம். அதே பரம்பரையலகில் வருகிற விகாரம்தான் வீட்டுப் பூனையில் ஒழுங்கான வரியைச் சுருள் திட்டாக மாற்றுகிறது என்று 2012இலேயே தெரிந்திருந்தது. உங்கள் கொப்பியில் உள்ள பூனைகளை நேர்வரி, திட்டுவரி என்று பிரித்துப் பாருங்கள். சிமிலிபாலில் அந்த விகாரம் பரவியது புலி குறைந்து, மற்றக் காடுகளோடு தொடர்பு அறுந்ததால். தனித்துப்போன சிறு குடித்தொகையில் அரிதான ஒன்று தற்செயலாகவே பெருகிவிடும். சட்டியில் பத்துக் கொட்டை மட்டும் வைத்துச் செய்து பார்த்தால் அதுவும் விளங்கும்.

ஏழாம் படி: கூண்டுப் புலி

காட்டுப் புலியின் தொகையை மதிப்பிடத்தான் முடியும். கூண்டுப் புலிகள் பலவற்றின் வம்சம் தெரியாது. 14 நாடுகளில் இருந்த 105 கூண்டுப் புலிகளின் டி.என்.ஏ.யைப் பார்த்த 2008 ஆய்வு, அவற்றில் ஏறத்தாழப் பாதி பல துணையினங்களின் கலப்பு என்றது. மற்றப் பாதியில் காட்டில் அருகிவரும் வம்சங்கள் தூய்மையாகக் கிடைத்தன. ஆகவே கூண்டை முழுவதுமாக ஒதுக்கவும் முடியாது, முழுவதுமாக நம்பவும் முடியாது.

வெள்ளைப் புலி தனி இனம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. 1951இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரு குட்டியின் வழியில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைத்துப் பெருக்கிய (உள்ளினக் கலப்பு) புலிகள்தான் கூண்டுகளில் நாம் காண்பவற்றில் மிகப் பெரும்பாலானவை. நிறத்துக்குக் காரணமான ஒற்றை விகாரத்தை 2013இல் கண்டுபிடித்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு மாறுகண். அதைப் பெருக்குவதால் காட்டுக்கு ஒரு பயனும் இல்லை என்பது என் கருத்து.

பண்ணைகள் இன்னொரு பக்கம். புலியின் உறுப்புகளை விற்பதற்காகப் புலி வளர்க்கக் கூடாது என்று அருகிவரும் உயிரின வர்த்தகம் பற்றிய உடன்படிக்கை நாடுகள் 2007இல் தீர்மானித்தன. ஆனாலும் ஆசியப் பண்ணைகளில் உள்ள புலிகள் உலகக் காடுகளில் உள்ளவற்றைவிட அதிகம். தாய்லாந்தின் ஒரு புத்த மடத்திலிருந்து 2016இல் 147 புலிகளை மீட்டார்கள். 2019க்குள் அவற்றில் 86 செத்துவிட்டன. நாய்களில் வருகிற டிஸ்டெம்பர் வைரசும் உள்ளினக் கலப்பும் காரணம் என்றார்கள் அதிகாரிகள்.

நீங்கள் செய்யக்கூடியது அவதானம். கல்விச் சுற்றுலாவில் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போனாலும் சரி, இந்தியா போகும்போது வண்டலூருக்குப் போனாலும் சரி, புலிக்கு முன்னால் செல்பி எடுத்துவிட்டு ஓடாமல் முப்பது நிமிடம் நில்லுங்கள். நிமிடத்துக்கு ஒருதரம் மணிக்கூட்டைப் பார்த்து, அந்தக் கணத்தில் அது செய்வதை மட்டும் எழுதுங்கள்: படுக்கை, நடை, நக்கல், தின்னல், ஒரே கோட்டில் போய்வந்துகொண்டிருத்தல். கடைசியாகச் சொன்னதைத் தனியாக எண்ணுங்கள். காட்டில் அகலமாகத் திரிகிற ஊனுண்ணிகள்தான் கூண்டில் அதிகமாக இப்படி நடக்கின்றன, அவற்றின் குட்டிகளும் அதிகம் சாகின்றன என்று 2003இல் ரொஸ் கிளப், ஜோர்ஜியா மேசன் இருவரும் பல இனங்களை ஒப்பிட்டுக் காட்டினார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் இந்த நடை கூடும், ஆகவே நேரத்தைக் குறிக்க மறக்க வேண்டாம். வண்டலூரில் அந்தத் தடித்த கருவரிப் புலியையும் தேடுங்கள். சிமிலிபாலுக்கு வெளியே அந்த விகாரம் காணப்பட்ட ஒரு சில இடங்களில் அதுவும் ஒன்று.

கூண்டிலிருந்து காட்டுக்குத் திரும்ப முடியுமா? முடியும், ஆனால் கூண்டில் எப்படி வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. ரஷ்யாவில் 2012இல் தாயற்றுக் கிடந்த சொலுஷ்கா என்ற பெண்குட்டியை மனிதர் முகம் தெரியாமல் வளர்த்து, உயிருள்ள இரையைப் பிடிக்கப் பழக்கி, 2013இல் காட்டில் விட்டார்கள். 2015இல் அது குட்டிகளோடு கமராவில் விழுந்தது. கையில் பால் குடித்து வளர்ந்த புலிக்கு அந்த வழி இல்லை. அது மாட்டையும் மனிதரையும் தேடித்தான் வரும்.

எட்டாம் படி: எங்கள் சிறுத்தை

இதுவரை கற்றதை இங்கே பயன்படுத்த வேண்டுமென்றால் சிறுத்தைதான். புள்ளியும் வரி மாதிரித்தான், ஆளுக்கு ஆள் வேறு. கணக்கு அப்படியே பொருந்தும். வில்பத்துவில் அன்ட்ரூ கிட்டில், அஞ்சலி வற்சன் குழு இப்படித்தான் எண்ணுகிறது. அருகிவரும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் 2020 முதல் எங்கள் சிறுத்தை 'ஊறுபடத்தக்கது' என்ற நிலையில் இருக்கிறது.

ஆனால் ஆர்வத்தில் கமராவைத் தூக்கிக்கொண்டு சுண்டிக்குளத்துக்கோ மடு வீதிக்கோ போய்விடாதீர்கள். தேசியப் பூங்காவில் ஆய்வு செய்ய வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பல்கலைக்கழக விலங்கியல் துறை ஒன்றின் மேற்பார்வையோடு விண்ணப்பிப்பதே நடக்கிற வழி. அனுமதி வர மாதங்கள் ஆகும். அதுவரை மனிதரிடம் கேட்டு எழுதுங்கள். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்திய ஒரு சிறுத்தையை அடித்தே கொன்றார்கள். அந்தக் காணொளி எல்லோருடைய போனுக்கும் வந்தது. கன்று எங்கே போனது, எந்த மாதம், பட்டி திறந்ததா அடைத்ததா, நாய் இருந்ததா என்று இருபது வீட்டில் கேட்டு எழுதிய கொப்பி, ஒரு கமராவை விடப் பெறுமதியாகலாம். கேட்கப் போகும்போது சிறுத்தைக்காக வாதாடாதீர்கள். கன்றை இழந்தவர் முன்னால் அது எடுபடாது.

கடைசிப் படி: இன்னொரு கண்

உங்கள் பூனைப் படங்களை, இலக்கங்களை மறைத்துவிட்டு, அந்த ஒழுங்கைக்கே வராத ஒருவரிடம் கொடுங்கள். அவர் தானாகப் பிரித்து இலக்கமிடட்டும். புலிப் படங்களையும் இப்படி இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது நல்ல ஆய்வகங்களின் வழக்கம்.

நாங்கள் படங்களைக் கொடுத்தது அடுத்த வருட வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம். இரண்டு நாள் கழித்துக் கொப்பியோடு வந்தாள்.

"சேர், நாலாம் நம்பரும் பதின்மூண்டாம் நம்பரும் ஒரே பூனை."

"எப்படியப்பா? நாலுக்கு இடப்பக்கப் படம் மட்டும்தானே இருக்கு. பதின்மூண்டுக்கு வலப்பக்கம்."

"வாலைப் பாருங்கோ சேர். நுனியில ரெண்டு வளையம் ஒட்டியிருக்கு."

பார்த்தேன். ஒட்டித்தான் இருந்தது. இரண்டாம் சுற்றில் மீளக் கண்டவை ஆறல்ல, ஏழு. 9 × 10 ÷ 7, ஏறத்தாழ 13. சுண்ணாம்புப் பொட்டு உதிர்ந்த அதே பிழை, இந்த முறை என் கையால். கொப்பியில் 15ஐ ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் 13 என்று எழுதித் திகதி போட்டாள். வெட்டிய எண்ணை அழிக்க வேண்டாம், வாசிக்கிற மாதிரியே இருக்கட்டும் என்று சொன்னேன்.